எர்த் கிடைக்காத வண்டி

பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். மினுங்குகிறது. அது போதாதென்று, யாரும் போடாத பார்க் லைட் வண்டியின் முன்பக்கம் செம்மங்கலாக எழுந்து, காலை எடுத்ததும் அணைகிறது. மீட்டருக்குள் இருக்கும் குட்டி பல்புகளும் கூடவே கண் திறந்து மூடுகின்றன. வண்டிக்காரர் முதலில் பல்பை மாற்றுவார். அடுத்து பிரேக் சுவிட்ச். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் காம்பினேஷன் சுவிட்ச். அது கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்கும். எல்லாம் புதிதான பிறகும் பார்க் லைட் எழுந்துகொண்டுதான் இருக்கும். இந்தக் கட்டத்தில் வீட்டில் யாராவது வண்டியைத் தள்ளிவிடச் சொல்வார்கள்.

பழுது இருப்பது டிக்கிக்குள், விரிப்புக்கு அடியில், பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் ஒரு போல்ட்டில். பின்பக்க விளக்குகள் எல்லாம் ஒரே கறுப்பு ஒயரில் சேர்ந்து அந்த போல்ட் வழியாகத்தான் வண்டியின் உடம்பை, அதாவது எர்த்தை, தொடுகின்றன. போல்ட்டுக்கு அடியில் துரு. 21 வாட் பிரேக் இழையைக் கடந்து வரும் மின்னோட்டத்துக்கு வெளியேற வழியில்லை. அதே கண்ணாடிக் குமிழுக்குள் பக்கத்தில் இருக்கும் 5 வாட் டெயில் இழைக்குள் தலைகீழாக நுழைகிறது. டெயில் விளக்குக்கான ஒயரில் பின்னோக்கிப் போய், அதே ஒயரில் தொங்கும் பார்க் லைட், மீட்டர் பல்பு என்று அகப்பட்டதன் வழியாகவெல்லாம் எர்த்தைப் போய்ச் சேருகிறது. இருக்கிற 12 வோல்ட்டை அத்தனை இழைகளும் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் முழுதாக எரிவதில்லை. பல்பும் சுவிட்சும் ஒரு குற்றமும் செய்யாதவை.

வீட்டு வயரிங்கில் போவதற்கு ஒரு ஒயர், திரும்பி வருவதற்கு ஒரு ஒயர். காரில் போவதற்கு மட்டும்தான் ஒயர். திரும்பி வருவதற்குத் தகரம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தடித்த கேபிளை பாடியில் முடுக்கி, அதோடு எஞ்சினையும் இணைத்துவிட்டால் மொத்த வண்டியும் ஒரே ஒயர் ஆகிவிடுகிறது. பாதிக்குப் பாதி செம்பு மிச்சம். கெட்டிக்காரத்தனமான சிக்கனம்தான், தகரம் புதிதாக இருக்கும்வரை. துரு பிடித்த பிறகு, டிங்கர் பார்க்க வேண்டிய வேலை எது, எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை எது என்ற கோடு அழிந்துபோகிறது. பெயிண்டிங் முடிந்து புதுமாப்பிள்ளையாய் வெளியே வரும் பழைய காரில் அடுத்த வாரமே விளக்குக் கோளாறு வருவதை மெக்கானிக்குகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்டும் அடித்து, ஒயர் நுனியில் இருக்கும் திம்பிளை அந்தப் பெயிண்ட்டின் மேலேயே வைத்து முறுக்கியிருப்பார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது.

1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வெளிவரத் தொடங்கி 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற மாருதி 800, இந்தப் பாடங்களைப் படிக்க நல்ல வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2000 வாக்கில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எம்.பி.எஃப்.ஐ. எரிபொருள் முறை வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. மின்சாரம் எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்பதைக் கையால் தடவியே கண்டுகொள்ளலாம். 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. சிறு ஊர்களில் இன்னும் பலது ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புது ஸ்பேரும் புதுப்பேட்டையில் பழசும் கிடைக்கும். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ரிலே, ஃப்ளாஷர், எதைக் கேட்டாலும் எடுத்து மேசைமேல் வைப்பார்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் இணைப்புகளுக்கு மட்டும் கடை இல்லை. பழுது பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது.

நடுவில் இருக்கும் பழுது எவ்வளவு தூரம் வேஷம் போடும் என்பதற்கு ஆக்சிலரேட்டர் கேபிளைச் சொல்ல வேண்டும். ஒரு வண்டியில் கேபிள் அடிக்கடி இறுகிக்கொள்கிறது. மாற்றுகிறார்கள், சில மாதத்தில் மறுபடி இறுகுகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டியிருக்கிறது. கேபிள் தரமில்லை என்று கடைக்காரரோடு சண்டை. காரணம் கேபிளே அல்ல. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது என்பதால், எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை உண்டு. அது இற்றுப்போய்விட்டது. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அவ்வளவும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை இல்லாததால் எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு எந்த உலோகம் அகப்பட்டாலும் அதில் ஏறிவிடுகிறது. ஆக்சிலரேட்டர் கேபிளின் இரும்புக் கம்பி நூறு ஆம்பியருக்குச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் சுட்டு, கொஞ்சம் உருகுகிறது. செல்ஃப் போடும்போது கேபிளைக் கையால் தொட்டுப் பார்க்கும் யோசனை ஒருவருக்கு வந்தால் அன்றைக்கே தீரும் வியாதி இது. வராவிட்டால் வருஷக்கணக்கில் கேபிள் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

மல்டிமீட்டர் மலிவாகிவிட்ட பிறகு இந்த யோசனைகள் குறைந்துவிட்டன என்பது என் சந்தேகம். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; இரண்டு முனையை வைத்தால் எண் காட்டுகிறது; எண்ணோடு யார் வாதம் செய்வது? ஹெட்லைட்டின் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி மீட்டரை வைக்கிறார்கள். 12.6 வோல்ட். "சப்ளை வருது சார், பல்புதான்" என்கிறார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது, கேள்விதான் தப்பு. டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று மின்னோட்டம் எடுப்பதேயில்லை என்று சொல்லலாம். உள்தடை பத்து மெகா ஓம் வரை இருக்கும். வழியில் ஒரு கப்ளர் களிம்பேறி ஆயிரம் ஓம் தடையாக நின்றாலும் அதற்குப் பொருட்டில்லை, 12.6 என்றே காட்டும். 21 வாட் பல்புக்கோ வழியில் இரண்டு ஓம் கூடினாலே வெளிச்சம் பாதிக்குக் கீழே விழுந்துவிடும். வேலை செய்யச் சொல்லாதவரை அந்த ஒயர் நல்ல ஒயர்தான்.

பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கையில் மீட்டர் கிடையாது, டெஸ்ட் லேம்ப்தான். கழித்துப்போட்ட இண்டிகேட்டர் ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் முதலைக் கிளிப், மற்றதில் கோணி ஊசி. கிளிப்பை பாடியில் மாட்டிக்கொண்டு ஊசியால் ஒயரின் தோலைக் குத்திப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால் மின்சாரம் வருகிறது. வருவது மட்டுமல்ல, வேலைக்கு ஆகிறது. எரிகிற வெளிச்சத்தைப் பார்த்தே எத்தனை வோல்ட் தொலைந்திருக்கிறது என்று சொல்லும் கண்கள் உண்டு. ஆனால் கோணி ஊசி போட்ட ஓட்டை மூடுவதில்லை. அடுத்த மழையில் அதன் வழியே ஈரம் இறங்கி, மெல்லிய இழைகளுக்கு நடுவே நூல் நூலாக ஏறிப் போகும். மேலே பார்த்தால் தோல் பளபளவென்று இருக்கும், உரித்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். போன வருஷத்துச் சோதனை இந்த வருஷத்துப் பழுது. எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் இந்த லேம்ப்பை வண்டியின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. பக்கம் கொண்டு போகவே கூடாது; மீட்டரைப் போல அது சும்மா இருக்காது, மின்னோட்டத்தை இழுக்கும், உள்ளே இருக்கும் நுண்ணிய சில்லை அது சுட்டுவிடலாம்.

மீட்டரைச் சரியாகக் கேள்வி கேட்கவும் முடியும். விளக்கை எரியவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு நுனி, விளக்கின் பாசிட்டிவ் முனையில் மறு நுனி. இரண்டும் ஒரே ஒயரின் இரண்டு கோடி; நியாயமாகப் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழியில் களவு போகிறது. அதே சோதனையை விளக்கின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் செய்ய வேண்டும். இந்த இரண்டாவதை யாரும் செய்வதில்லை. திரும்பும் பாதையில் பழுது இருக்கும் என்று மனம் நினைப்பதே இல்லை போலும். ஹெட்லைட் இரண்டும் டிம்மில் சுமார் 9 ஆம்பியர் எடுக்கும். வழியில் 0.2 ஓம் தடை சேர்ந்தால் இரண்டு வோல்ட் அளவுக்குத் தொலையும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் விழும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக விழுவதால், 12 வோல்ட் 10 ஆனதும் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். தொலைந்த வோல்ட் எங்கேயும் போய்விடவில்லை. அந்தக் கப்ளருக்குள் 15 வாட் சூடாக உட்கார்ந்து பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டியில் ஒரு வெள்ளைக் கப்ளரின் ஒரு மூலை மட்டும் பழுத்திருந்தால் மீட்டரே வேண்டாம், அங்கேயே நிறுத்திப் பார்க்கலாம். (ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதையும் காம்பினேஷன் சுவிட்ச் வழியாக ஓட்டியிருக்கும் பழைய வண்டிகளுக்கு ரிலே போடுவதைவிட நல்ல செலவு வேறு இல்லை. இரவில் ஓட்டுபவர்கள் 100 வாட் பல்பு தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யலாம்.)

களிம்பு என்றேன். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்பார்கள் சைவ சித்தாந்திகள். களிம்பு செம்போடு அனாதியாகவே இருக்கிறது, இடையில் வந்தது அல்ல என்பது அவர்கள் கட்சி. அதைப் போக்க ரசகுளிகை வேண்டும் என்றார்கள். கார் ஒயரில் அது இடையில் வந்ததுதான், எப்போது எந்த வழியாக வந்தது என்றும் அநேகமாகச் சொல்லிவிடலாம். ரசகுளிகைக்கு 120ஆம் நம்பர் உப்புத்தாள் போதும். கடற்கரைக்குப் பக்கத்தில் வெயிலில் மழையில் நிற்கும் வண்டியில் களிம்பேற உப்புக்காற்றே போதுமானது. வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்துக் காயவைத்து ஓட்டியவர்கள் உண்டு. அப்படியே விற்றவர்களும் உண்டு. பிரச்சினை மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். தரை விரிப்புக்கு அடியில் ஓடும் ஒயர்க் கட்டு, கப்ளர்களுக்குள் தங்கிய வண்டல், எதுவும் வெயிலுக்கு வராத இடங்கள். பேட்டரி இணைப்போடு மூழ்கிய வண்டிக்குச் சேதம் இன்னும் அதிகம். தண்ணீருக்குள் 12 வோல்ட் நின்றால் பாசிட்டிவ் பக்கத்து முனைகளின் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மின்பகுப்பே கரைத்துவிடுகிறது. தெருவில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால், வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் நெகட்டிவ் முனையையாவது கழற்றிவிட்டுப் போக வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு ஒரு நிமிஷ வேலை.

ஆனால் வெள்ளத்தையும் உப்பையும் விட, எலியையும் விட (எஞ்சினுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடும் வழக்கம் எலிகளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை), மனிதக் கைகள்தான் அதிகம் செய்திருக்கின்றன. இருபது வருஷம் ஓடிய காரின் டாஷ்போர்டைக் கழற்றினால் அடுக்கடுக்காகக் காலம் தெரியும். முதலில் டேப் ரெக்கார்டர், ஸ்பீக்கருக்கு இழுத்த ஒயர். பிறகு ஃபாக் லேம்ப். ரிவர்ஸ் எடுத்தால் பாடும் ஹாரன், கதவுக்கு சென்ட்ரல் லாக், திருட்டு அலாரம். அலாரம் ஒரு நாள் நடு ராத்திரியில் தானாக அலறியதால் அதை வெட்டிப் போட்ட மிச்சம், நுனியில் டேப்கூட இல்லாமல் தொங்கும். ஒவ்வொருவரும் கம்பெனி ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, தன் ஒயரைச் சுற்றி முறுக்கி, மேலே டேப் ஒட்டியிருக்கிறார். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை பாகாக ஒழுகி, டேப் நழுவிப்போய், முறுக்கு மட்டும் வெறுமையாக நிற்கிறது. கவனமானவர் சால்டர் வைத்திருப்பார். அதிலும் ஒரு வில்லங்கம்: ஈயம் ஊறிய இடம் விறைத்துவிடும், ஊறாத இடம் வளையும், அதிர்வில் இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகும். கார்க் கம்பெனிகள் சால்டரை விட்டுத் திம்பிளை நசுக்கிப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

கம்பெனி ஒயருக்கு நிறத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் பழுப்பு என்றால் நேரே பேட்டரி. வெள்ளை, சாவி போட்ட பிறகு வருவது. பச்சை, அதுவே ஃபியூஸ் கடந்த பிறகு. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், கறுப்பு எர்த். அந்த வண்டிகளின் மின்சாமான் செய்த லூகாஸை 'இருட்டின் இளவரசன்' என்று மேல்நாட்டில் கேலி பேசுவார்கள். அதே லூகாஸ் டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து 1961இல் தொடங்கிய கம்பெனிதான் சென்னையில் பாடி என்ற பகுதியில் இருக்கும் லூகாஸ்-டி.வி.எஸ். கேலி கொஞ்சம் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஈரத்தில் நனைந்த இணைப்பும் துருப்பிடித்த எர்த்தும் செய்த பாவங்களில் பெரும்பங்கு மோட்டார் மேல் பெயர் பொறித்தவன் தலையில் விழுந்திருக்கிறது. நம் பக்கத்தில் நிற ஒழுங்கு நிலைக்காததற்குக் காரணம் வேறு. கடையில் அன்றைக்குச் சிவப்புச் சுருள் இருந்தால் எல்லாம் சிவப்பு. பாசிட்டிவும் சிவப்பு, எர்த்தும் சிவப்பு, ஸ்பீக்கரும் சிவப்பு.

அந்தச் சிவப்புகளில் ஒன்று எங்கோ தகரத்தில் உரசும்போதுதான் ஃபியூஸ் போகிறது. போட்டால் போகிறது, போட்டால் போகிறது. இரண்டு முறைக்கு மேல் பொறுமை இல்லாதவர்கள் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிச் சொருகுவார்கள், அல்லது 10 ஆம்பியர் இடத்தில் 30 போடுவார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கையோ ஹாரனையோ அல்ல, ஒயரை. 10 ஆம்பியர் தாங்கும் ஒயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை ஒயர் செய்யும், காருக்குத் தீ வைத்து. இதற்கு ஓர் அழகான முறை உண்டு. ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரோடு சொருக வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் அது விடாது என்பதால் எதுவும் கருகாது. இப்போது நிதானமாக ஒயர்க் கட்டைத் தொட்டுத் தொட்டு அசைத்துப் பார்க்கலாம்: கதவுக் கீல் பக்கம், டிக்கி மூடி மடங்கும் இடம், எஞ்சினிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் தொலைந்த விளிம்பு. எங்கே அசைக்கும்போது பல்பு சடாரென்று மங்குகிறதோ, அங்கே. பொறுமையும் ஒரு பல்பும் தவிர வேறு முதலீடு இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி இறங்கும் வண்டிக்கும் இதே பொறுமைதான். எல்லாம் அணைந்த வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் எடுத்தால் குற்றமில்லை. டிக்கி மூடியும் அணையாத 5 வாட் விளக்கு ஒன்று போதும், 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று, நான்கு நாளில் காலி செய்துவிடும். வண்டிக்காரர் அதற்குள் புது பேட்டரி வாங்கியிருப்பார். புதுசுக்கும் அதே நான்கு நாள்தான்.

ஏன் வாங்குகிறார் என்று அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் பட்டறையில் கேட்ட பேச்சு இது. எலக்ட்ரீஷியன் காலையிலிருந்து அந்த வண்டியோடுதான் கிடந்தார். கடைசியில் டிக்கியில் ஒரு போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, திரும்ப முறுக்கினார்.

"என்னண்ணே, போல்ட்டைக் கழட்டி மாட்டுனதுக்கா எழுநூறு? சாமான் எதுவும் போடலியே."

"சாமான் தேவப்படல தம்பி. எர்த் கிடைக்கல, அவ்வளவுதான்."

"அப்ப ஒண்ணும் மாத்தாமலே எழுநூறா?"

முந்நூறில் முடிந்தது. அதே மனிதர் மூவாயிரம் ரூபாய் சுவிட்சை மாற்றி, கூலி ஐந்நூறு என்றிருந்தால் தம்பி வாய் திறந்திருக்க மாட்டார். பழைய சுவிட்சை பாலிதீன் பையில் போட்டுக் கையில் கொடுத்திருப்பார்கள், கணக்கு நேர்பட்டிருக்கும். பில்லில் எழுத ஒரு சாமான் வேண்டும். தேடிய நேரத்துக்கு பில் புத்தகத்தில் பத்தி கிடையாது. தேடத் தெரிந்தவர் தேடாமல் இருப்பதற்கும், தெரியாதவர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதற்கும் இந்தப் பத்தி இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. திறமை குறைந்துவிட்டது என்று புலம்புகிறோம், குறைந்த திறமைக்குத்தான் கூலி கொடுக்கிறோம்.

அந்த எலக்ட்ரீஷியன் இப்போது வேறு வழி வைத்திருக்கிறார். பழுது பின்பக்க எர்த் என்று தெரிந்ததும் போல்ட்டைச் சுரண்டுவதோடு நிற்பதில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து டிக்கிவரை கறுப்பு நிறத்தில் ஒரு தனி ஒயர் இழுக்கிறார், இரண்டு நுனியிலும் புதுத் திம்பிள், நடுவில் ஸ்லீவ். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, பானட்டைத் திறந்து, ஒயரை விரலால் இழுத்துக் காட்டுகிறார். பில்லில் 'எர்த் ஒயர் புதுசு' என்று எழுதி, தேடிய கூலியையும் ஒயரின் நீளக் கணக்கில் அதிலேயே சேர்த்துவிடுகிறார். யாரும் பேரம் பேசுவதில்லை. சுரண்டிய போல்ட்டே இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் துருப்பிடித்த தகரத்தை நம்பாமல் செம்பு வழியாகவே மின்சாரம் திரும்பிவரும் அந்த வண்டியின் பின்விளக்கு, பக்கத்தில் நிற்கும் அதே வயசு வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் பளிச்சென்றுதான் எரிகிறது.